சொலிடேர் (கணினிச் சீட்டாட்டம்)

சொலிடேர் என்பது ஒருவரே தனியாக ஆடும் சீட்டாட்டத்தின் கணினி வடிவம் ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்ட விண்டோஸ் 3.0 இயங்குதளத்துடன் இது இணைத்து வழங்கப்பட்டது.

தோற்றம்

1988இல் மைக்ரோசாப்டில் பயிற்சிப் பணியாளராக இருந்த வெஸ் செர்ரி இதற்கான நிரலை எழுதினார். சீட்டுகளின் உருவங்களை வரைந்தவர் சூசன் கேர். மேலாளர் வரும்போது ஆட்டத்தை மறைத்து, அலுவலக வேலை நடப்பதுபோல் காட்டும் வசதியையும் செர்ரி சேர்த்திருந்தார். நிறுவனம் அதை நீக்கச் சொன்னது.

ஆடும் முறை

52 சீட்டுகளில் 28 சீட்டுகள் ஏழு வரிசைகளாகப் பரப்பப்படும். சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வருமாறு இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். நான்கு இனங்களையும் ஏஸ் முதல் ராஜா வரை தனித்தனியே சேர்த்துவிட்டால் வெற்றி. எதிராளி இல்லாததால் அவசரம் இல்லை. அருகில் அமர்ந்திருப்பவரும் அடுத்த சீட்டைச் சொல்லலாம்.

சுட்டிப் பயிற்சி

அக்காலத்தில் பலர் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கினர். சுட்டி அவர்களுக்குப் புதியது. ஒரு சீட்டை இழுத்து மற்றொன்றின்மேல் விட்டுப் பழகியபோது, கோப்புகளை இழுத்து விடுவதும் கைவந்தது. பாடம் என்று சொல்லாமலே இந்த ஆட்டம் பாடம் நடத்தியது.

பிற்காலம்

2012இல் வந்த விண்டோஸ் 8இல் இது உடன் வழங்கப்படவில்லை. 2015இல் விண்டோஸ் 10இல் விளம்பரங்களுடன் திரும்பியது. விளம்பரமின்றி ஆடக் கட்டணம் செலுத்த வேண்டும். 2019இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் இதை உலக நிகழ்பட விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் சேர்த்தது. உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆடப்பட்ட இந்த ஆட்டத்துக்காக, செர்ரிக்கு உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை.