ஒரு மூட்டை நெல்லுக்கு உங்கள் அடக்க விலை என்ன?

குடவாசல் பக்கம் அறுவடை முடித்த விவசாயியிடம் "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "ஒரு மூட்டைக்கு அடக்கம் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலும் யோசனைதான் வரும். விளைச்சலை மூட்டையில் எண்ணுகிறோம், செலவை மட்டும் மொத்தமாக மனதில் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் குத்தகைக்கு நிலம் எடுப்பதா, கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பதா, நான்காவது மூட்டை யூரியா போடுவதா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும். இவை எல்லாம் பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயக் கேள்விகள்தான்.

செலவு என்பது ஒன்றல்ல, மூன்று

மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் நெல்லுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் முன் செலவை மூன்று அடுக்காகப் பார்க்கிறது.

முதல் அடுக்கு 'ஏ2'. விதை, உரம், மருந்து, உழவு, கூலி, இயந்திர வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி, குத்தகைக்கு எடுத்திருந்தால் குத்தகைத் தொகை என உங்கள் கையை விட்டுப் போன செலவு இதில் வரும். இரண்டாம் அடுக்கில் அதனுடன் குடும்பத்தாரின் உழைப்புக்குக் கூலி சேரும். நீங்கள் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனது, வீட்டுப் பெண்கள் களை எடுத்ததும் நெல் காயவைத்ததும் எல்லாம் இதில் அடக்கம். இதை 'ஏ2+எஃப்எல்' என்கிறார்கள். மூன்றாம் அடுக்கு 'சி2'. சொந்த நிலத்துக்கு ஊரில் என்ன குத்தகை கிடைக்குமோ அதையும், நீங்கள் போட்ட சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தது இது.

சொந்த நிலத்துக்கு எதற்குக் குத்தகைக் கணக்கு என்று பலர் கேட்பார்கள். நீங்கள் பயிர் செய்யாமல் வேறொருவருக்கு விட்டிருந்தால் அந்தத் தொகை வீட்டுக்கு வந்திருக்கும். பயிர் செய்ததால் அதை விட்டுக்கொடுத்தீர்கள். இப்படி விட்டுக்கொடுத்த வருமானத்தைப் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள். கையிலிருந்து போகாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் அதுவும் செலவுதான்.

ஓர் ஏக்கர் கணக்கு

கீழே வரும் செலவுத் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணம். உங்கள் ஊர் கூலியையும் வாடகையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓர் ஏக்கருக்கு விதை, நாற்றங்கால் 2,000 ரூபாய். சேடை உழவு, சமன் செய்தல், வரப்பு வெட்டு 5,500. நடவு 6,000. உரம் 4,500. களை, மருந்து 3,500. அறுவடை இயந்திரம் 3,500. வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி 2,000. ஆக கையிலிருந்து போனது 27,000 ரூபாய். குடும்ப உழைப்பு 15 ஆள்நாள், நாளுக்கு 500 வீதம் 7,500 சேர்த்தால் 34,500. நிலக் குத்தகை மதிப்பு 10,000, சொந்த முதலுக்கான வட்டி 1,500 சேர்த்தால் 46,000.

கண்டுமுதல் மாவுக்கு 12 மூட்டை, ஏக்கருக்கு 36 மூட்டை என்று வைப்போம். 60 கிலோ மூட்டையானால் 2,160 கிலோ, அதாவது 21.6 குவிண்டால். இப்போது வகுத்துப் பாருங்கள். கைச்செலவு மட்டும் குவிண்டாலுக்கு 1,250 ரூபாய். குடும்ப உழைப்போடு 1,597. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,130.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக முறையே 131, 156 ரூபாய் சேர்த்ததால் கொள்முதல் விலை 2,500, 2,545 ஆனது. சாதாரண ரகத்தில் 60 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் எளிது. 36 மூட்டைக்கு 54,000 ரூபாய் வரவு. கைச்செலவு போக மிச்சம் 27,000. ஆனால் முழுச் செலவும் போக மிச்சம் 8,000தான். வைக்கோல் விற்றால் அதையும் வரவில் சேருங்கள்.

ஆதரவு விலை செலவைப்போல் ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்வதும், இல்லை என்று விவசாயச் சங்கங்கள் சொல்வதும் இந்த அடுக்குகளில்தான் மோதுகின்றன. 2025-26க்கு ஆணையம் எடுத்துக்கொண்ட நாடு தழுவிய செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய், அது இரண்டாம் அடுக்குச் செலவு. அதில் ஒன்றரை மடங்குதான் 2,369. பக்கத்துக் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை மூன்றாம் அடுக்கின் மீது கணக்கிட வேண்டும் என்பதே சங்கங்களின் கோரிக்கை. உங்கள் கணக்கு கையில் இருந்தால் இந்த விவாதத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

குத்தகை விவசாயிக்கு இதே கணக்கு

மேலே சொன்ன 10,000 ரூபாய் நில உரிமையாளருக்கு ஏட்டுக் கணக்கு. குத்தகை விவசாயிக்கு அது கையிலிருந்து போகும் பணம். அவருடைய கைச்செலவு 27,000 அல்ல, 37,000. மூட்டை 1,500 என்றால் 25 மூட்டை கண்டால்தான் போட்ட பணம் திரும்பும். தன் உழைப்புக்கும் கூலி வேண்டுமானால் 30 மூட்டை வேண்டும். சொந்த நிலக்காரருக்கு அதே கைச்செலவு 18 மூட்டையில் வந்துவிடும்.

தாளடியில் மழை அடித்து 28 மூட்டையோடு நின்றுவிட்டது என்று வையுங்கள். வரவு 42,000. சொந்த நிலக்காரர் கையில் 15,000 நிற்கும், "பரவாயில்லை" என்பார். குத்தகைக்காரர் கையில் 5,000தான், 15 நாள் கூலிக்கும் அது காணாது. ஒரே வயல், ஒரே மழை, ஒரே விளைச்சல்.

குத்தகை பேசும்போது பலரும் நல்ல வருடத்துக் கண்டுமுதலை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். கடந்த ஐந்து வருடத்தில் அந்த வயல் கண்டதைக் கேட்டு, அதில் மிகக் குறைந்த இரண்டு வருடங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த விளைச்சலிலும் குறைந்தபட்சம் கைச்செலவு திரும்பாது என்றால், அந்தக் குத்தகை உங்களுக்கு அதிகம். நிலையான குத்தகையில் மழையின் நஷ்டம் முழுவதும் பயிரிடுபவர் தலையில் விழுகிறது. வாரத்தில் விளைச்சல் குறைந்தால் உரிமையாளரின் பங்கும் குறைகிறது. அதனால் வெள்ளம் நிற்கும் தாழ்வான வயலுக்கு வாரம் பேசுவதே நல்லது என்பது என் கருத்து. நல்ல வடிகால் உள்ள மேட்டு வயலுக்கு நிலையான குத்தகை சரிப்படும்.

களத்தில் காத்திருக்கும் நாளுக்கும் விலை உண்டு

நம் பகுதியில் அதிகப் பணம் போவதும் மிச்சமாவதும் அறுத்த பிறகுதான். வியாபாரி களத்துக்கே வந்து மூட்டை 1,200 தருகிறார், நேரடி கொள்முதல் நிலையத்தில் 1,500 என்று வைப்போம். 36 மூட்டைக்கு வித்தியாசம் 10,800 ரூபாய். ஆனால் அது முழுவதும் லாபம் அல்ல.

முதலில் ஈரப்பதம். கொள்முதலுக்கு வரம்பு 17 சதவீதம், மழைக் காலங்களில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டும் அது தளர்த்தப்படும். 20 சதவீத ஈரத்தில் இருக்கும் 2,160 கிலோ நெல்லை 17க்குக் காயவைத்தால் எடை சுமார் 2,082 கிலோ ஆகிவிடும். 78 கிலோ போனது தண்ணீர்தான் என்றாலும், வியாபாரி அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து விலை தருகிறார். அதன் மதிப்பு ஏறக்குறைய 1,950 ரூபாய். தார்ப்பாய் வாடகைக்கு 500. காயவைக்க, கிளற, இரவில் காவல் படுக்க நாளுக்கு 500 என்று வையுங்கள். 10,800ல் முதல் இரண்டையும் கழித்தால் 8,350. நாளுக்கு 500 என்றால் 16 நாள் வரை காத்திருப்பது லாபம், 17-ம் நாளில் கைக்கு நஷ்டம் தொடங்குகிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வேறு ஏதாவது செலவு ஆனால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள், நாட்கள் இன்னும் குறையும்.

இது வெயில் கணக்கு. ஐப்பசி மழை ஒரு முறை குவியலில் இறங்கி நெல் முளைவிட்டால் கணக்கே வேறு. ஆகவே குறுவைக்கு என் ஆலோசனை, வரிசையில் எத்தனை பேர், நிலையம் ஒரு நாளைக்கு எத்தனை சிப்பம் எடுக்கிறது என்று அறுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். ஒரு சிப்பம் 40 கிலோ, ஆக உங்கள் 36 மூட்டை 54 சிப்பம். உங்கள் முறை வர எத்தனை நாள் ஆகும் என்பது வகுத்தல் கணக்கில் தெரிந்துவிடும். பயிர் நின்று தாங்கும் என்றால் அறுவடையைச் சில நாள் தள்ளுவது, அறுத்துக் களத்தில் போட்டுக் காப்பதை விட மலிவு.

இங்கே இன்னொன்றும் உண்டு. பத்து நாள் காத்துவிட்டோம், இனி விட்டுக்கொடுத்தால் அந்தப் பத்து நாள் வீண் என்று பலர் தொடர்ந்து காத்திருப்பார்கள். போன செலவு எந்த முடிவு எடுத்தாலும் திரும்பாது. பதினோராம் நாள் காலையில் பார்க்க வேண்டியது இனி ஆகும் செலவையும் இனி வரும் வரவையும் மட்டுமே. சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் பயிருக்கும் இதே விதி. போட்ட 20,000 ரூபாயை மறந்துவிடுங்கள். சாய்ந்த பயிருக்கு இயந்திரம் கூடுதல் நேரம் எடுத்து, வண்டியோடு 8,000 ஆகிறது என்றால், ஆறு மூட்டைக்கு மேல் நல்ல நெல் தேறுமா என்பது மட்டுமே கேள்வி. நிறம் மாறி விலை குறையும் என்றால் ஏழு, எட்டு மூட்டை.

கடைசி மூட்டை உரம்

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மலிவாக இருப்பதால் கை தாராளமாகிறது. டெல்டாவில் குறுகிய கால ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. ஒரு மூட்டை டிஏபி போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ வந்துவிடும். மீதிக்கு இரண்டரை மூட்டை யூரியா போதும். முதல் மூட்டை கொடுக்கும் விளைச்சலை மூன்றாவது மூட்டை கொடுக்காது. நான்காவது மூட்டை விளைச்சலைக் கூட்டாமல் இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும்தான் கூட்டும், பயிரும் சாயும். அந்த மூட்டையின் உண்மையான விலை 266 ரூபாய் அல்ல, பின்னால் வாங்கும் இரண்டு தெளிப்பு மருந்தும் சேர்ந்தது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போட்டால் இந்தச் செலவு மிச்சம்.

சம்பா, தாளடி அறுவடைக்கு முன் ஈரத்தில் உளுந்து விதைப்பது இதற்கு நேர் மாறான கணக்கு. உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சல் இல்லை, நிலத்துக்கான செலவை நெல் ஏற்கெனவே சுமந்துவிட்டது. உளுந்துக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு ஒரு குவிண்டால் கண்டாலும் அது ஐந்து மூட்டை நெல்லுக்குச் சமம். அறுவடை இயந்திரம் ஈர வயலில் ஏறி முளைத்த செடியை நசுக்குவதுதான் தடை, அதனால் இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு விதைக்க வேண்டும்.

டிராக்டர் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. 8 லட்சம் ரூபாய் வண்டி பத்து ஆண்டு உழைத்து 2 லட்சத்துக்கு விற்கும் என்றால் தேய்மானமே ஆண்டுக்கு 60,000. வட்டி 50,000 என்றால் சாவியைத் திருப்பும் முன்பே 1,10,000. வாடகைக்கு ஓட்டி டீசல், ஆள் கூலி போக மணிக்கு 400 நிற்கிறது என்றால் ஆண்டுக்கு 275 மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஊர் வேலைக்கும் ஓட்டத் தயாராக இல்லை என்றால் வாடகை வண்டியே லாபம்.

வட்டியை மூட்டையில் எண்ணுங்கள்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. வங்கியின் கிசான் கிரெடிட் கார்டு கடனுக்கு 7 சதவீதம், உரிய காலத்தில் கட்டினால் 4 சதவீதம். வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். நடவுக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு ஐந்து மாத வட்டி 3,000 ரூபாய், அதாவது இரண்டு மூட்டை நெல். சிட்டா தன் பெயரில் இல்லாத குத்தகை விவசாயிகள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து கடன் கேட்க வழி உண்டு. அடங்கலில் பயிரிடுபவர் பெயர் ஏறியிருக்கிறதா என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

கணக்கு எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வேலை, ஆண் ஆள், பெண் ஆள், வீட்டு ஆள், தொகை என்று ஆறு கட்டம். ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பக்கம் வையுங்கள். மேட்டு வயல் தரும் லாபத்தில் பள்ள வயலின் நஷ்டம் மறைந்துவிடும். வீட்டு ஆள் கட்டத்தை அன்றன்றே நிரப்புங்கள், அறுவடைக்குப் பிறகு அது யாருக்கும் நினைவிருக்காது. வீட்டுச் செலவையும் வயல் செலவையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், கைப்பேசியிலேயே கூட்டி வைப்பார்கள்.