கருவியும் பனுவலும்: ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல்களின் வரலாறு

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதே இதற்குக் காரணம் என்பர். இலக்கணம் புள்ளியை விதித்திருந்தும் எழுதுபொருள் அதற்கு இடந்தரவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால், பாடந்துணிவதில் பதிப்பாசிரியர்கள் பெரிதும் உழைக்க நேர்ந்தது. எழுதுகருவி பனுவலுக்குள் தன் தடத்தைப் பதித்துச் செல்லும் என்பது சுவடியியல் பயின்றோர் அறிந்த செய்தியே.

கணினி நிரலும் மனிதர் எழுதி மனிதர் படிக்கும் ஒரு பனுவலாகும். ஆயினும் கணினி வரலாறு எழுதுவோர் நிரல்மொழிகளுக்குத் தரும் இடத்தை, அம்மொழிகளில் எழுத உதவிய கருவிகளுக்குத் தருவதில்லை. நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் எடிட்டர், அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலர், பிழைகளைத் தேடிக் காட்டும் டிபக்கர் ஆகியவற்றை ஒரே மென்பொருளில் இணைத்துத் தருவது ‘ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல்’ எனப்படும். ஐ.டி.இ. என்னும் சுருக்கப்பெயரே பெருவழக்கு. இக்கருவி நிரல் என்னும் பனுவலில் பதித்த தடங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அட்டையும் வரியெண்ணும்

ஐ.பி.எம். நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் முதல் ஐந்து பத்திகள் கூற்றெண்ணுக்கும், ஆறாவது பத்தி தொடர்ச்சிக் குறிக்கும், 7 முதல் 72 வரையிலானவை கூற்றுக்கும் உரியவை. இவ்வரையறை மொழியின் தேவையால் எழுந்ததன்று. 80 பத்திகள் கொண்ட துளையட்டையின் தேவையால் எழுந்தது. எஞ்சிய எட்டுப் பத்திகளில் அட்டையின் வரிசையெண்ணை இடுவர். அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் மீண்டும் அடுக்குவதற்கு அவ்வெண்ணே துணை. ஏடுகளுக்கு எண்ணிட்டுக் கட்டிய நம் முன்னோர்க்கும் இதே அச்சம் இருந்திருக்கும்! துளையட்டை வழக்கொழிந்த பின்னரும் இப்பத்தி விதி நீடித்தது. ஃபோர்ட்ரான் 90 என்னும் தரம் வந்த பின்னரே கட்டற்ற வடிவில் எழுதும் உரிமை கிட்டியது.

அட்டைக்கட்டைக் கணினி நிலையத்தில் ஒப்படைத்து, பல மணி நேரம் கழித்து அச்சிட்ட தாளைப் பெற்று, ஒரு காற்புள்ளி விடுபட்டதை அறிந்து மீண்டும் தொடங்குவதே அக்கால நிரலாளரின் நிலை. எழுதுதலுக்கும் பிழையறிதலுக்கும் இடைப்பட்ட இக்காலத்தைச் சுருக்கும் முயற்சியே ஐ.டி.இ.யின் வரலாறு எனலாம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழி 1964 மே 1 அன்று முதன்முதலில் இயங்கியது. மாணவர் தொலைதட்டச்சுப் பொறியில் நேரே எழுதி, ரன் எனத் தட்டினால் விடை வந்தது. ஒரு வரியைத் திருத்த வேண்டின், அதே எண்ணுடன் புதுவரியைத் தட்டினால் போதும், பழையது நீங்கிவிடும். பின்னர் இடைச்செருக இடம் வேண்டுமென்று வரிகளுக்கு 10, 20, 30 என எண்ணிடுவது வழக்கமாயிற்று. திருத்தும் வசதிக்கும் உதவிய அவ்வெண், கோடூ என்னும் கட்டளைக்கு முகவரியாகி மொழியின் இலக்கணத்திலும் இடம்பெற்றது. கருவியும் மொழியும் பிரிக்கவியலாதபடி கலந்த இடம் இது.

முதல் ஐ.டி.இ. எது என்னும் வினாவிற்கு மியூனிக் நகரின் சாஃப்ட்லேப் நிறுவனம் 1975இல் உருவாக்கிய மேஸ்ட்ரோ–1 என்பதைச் சுட்டுவர். கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் சூழலைச் சுட்டுவோரும் உளர். முதன்மை குறித்த வழக்குகள் எந்த வரலாற்றிலும் எளிதில் முடிவதில்லை. எளியோர் கைக்கு வந்தது எது என்பதே நமக்கு வேண்டுவது.

டர்போ பாஸ்கலும் அதன் வழிவந்தனவும்

1983 நவம்பரில் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்பனைக்குக் கொணர்ந்தது. பிற கம்பைலர்கள் சில நூறு டாலர் விலையில் விற்ற காலம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க் எழுதிய அக்கம்பைலரும் எடிட்டரும் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இரண்டும் நினைவகத்தில் ஒருங்கே இருந்தமையால் வட்டை மாற்றிக் காத்திருக்கும் தொல்லை நீங்கியது. பிழை கண்டால் கம்பைலர் நின்று, எடிட்டரின் சுட்டியைப் பிழையுள்ள இடத்திலேயே நிறுத்தியது. அதன் உரிம ஒப்பந்தமும் நம் கவனத்திற்குரியது. மென்பொருளை ஒரு நூலைப் போலக் கருதுக, பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம், ஒரே நேரத்தில் இருவர் இருவிடத்தில் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து.

அந்நிறுவனத்தின் டர்போ சி++ இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் 2000க்குப் பின்னும் நெடுங்காலம் கோலோச்சியது. அதன் நீலத்திரையை அறியாத கணினி மாணவர் அக்காலத்தில் அரியர். சி++ மொழிக்கு 1998இல் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முற்பட்ட இக்கருவியில் பயின்றோர், தரம் கைவிட்ட ‘ஐயோஸ்ட்ரீம்.எச்’ என்னும் தலைப்பையே எழுதிவந்தனர். நிரல் முடிந்ததும் டர்போ சூழல் தன் திரைக்குத் திரும்பிவிடும். விடை கண்ணில் நில்லாது. அதனைத் தடுக்கவே இறுதிவரியில் ‘கெட்ச்’ எழுதப்பட்டது. முந்தைய ஓட்டத்தின் எச்சம் திரையில் தங்குவதால் தொடக்கத்தில் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை வந்தது. இவ்விரண்டும் சி++ தரத்தில் இல்லாதவை. கருவி செய்த இடைச்செருகல்கள். பாடநூல்கள் இவற்றை விளக்கமின்றி எடுத்தாண்டமையால், மொழியிலக்கணத்தின் பகுதியாகவே மாணவர் கருத நேர்ந்தது. விண்டோஸின் 64 பிட் பதிப்புகளில் டர்போ இயங்காதபோது, டாஸ்பாக்ஸ் என்னும் போலிச்சூழலை நிறுவி அதற்குள் அதனை ஓட்டிய ஆய்வகங்களும் உண்டு. இன்று ஆண்டுக்குறிப்பில்லாத பயிற்சியேடு ஒன்று கிடைப்பின், இவ்வரிகளைக் கொண்டே அது எச்சூழலில் எழுதப்பட்டது எனத் துணியலாம். எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது போன்றதே இதுவும்.

பின்வந்த வளர்ச்சி விரைவானது. விஷுவல் பேசிக் 1991இலும், ஐ.பி.எம். மூலநிரலோடு பொதுவில் விடுத்த எக்லிப்ஸ் 2001இலும் வெளிவந்தன. 1996இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய இன்டெலிசென்ஸ், எழுதத் தொடங்கிய பெயரைத் தானே நிறைவுசெய்தது. தொடக்ககால ஃபோர்ட்ரானில் பெயருக்கு ஆறெழுத்தே எல்லை. இன்றைய ஜாவா நிரல்களில் ஒரு பெயர் ஒரு சொற்றொடர் அளவிற்கு நீள்வதற்கு, முழுதும் தட்டவேண்டாத இவ்வசதியும் ஒரு காரணம் என்பது கட்டுரையாளர் கருத்து.

ஒருங்கிணைப்பை ஏற்காத மரபும் உடனிருந்தது. பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் வழியினர், ஒரு கருவி ஒரு பணியை மட்டும் செவ்வனே செய்தல் வேண்டும் என்றனர். எடிட்டர் வேறு, கம்பைலர் வேறு என்பதே அவர்தம் கொள்கை. ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியின் அறிவையும் தனித்தனியே புகட்டும் சுமையைத் தவிர்க்க, 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடன்வி ஆகியன ‘மொழிச் சேவையக நெறிமுறை’ என்னும் பொதுவழியை அறிவித்தன. இதன்படி, மொழியறிவு தனியொரு செயலியாக இயங்கும். எடிட்டர் அதனோடு செய்தி பரிமாறிக்கொள்ளும். 1983இல் 40 கிலோபைட்டுக்குள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை 33 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பிரிந்தன. யூனிக்ஸ் மரபில் வந்த விம் எடிட்டரிலும் இப்போது பெயர்கள் தாமே நிறைவுறுகின்றன.