கருங்கற்களும் எக்கரும்

புதுவைக்கு வரும் பயணிகள் தவறாமல் எடுக்கும் படம் ஒன்று உண்டு: கருங்கற்கள் மீது அலை மோதிச் சிதற, பின்னே காலைக் கதிரவன் எழும் காட்சி. அதன் கம்பீரத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனை இயற்கைக் காட்சி என்று அழைக்குமுன் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சிக்கால அஞ்சலட்டைகளைப் பாருங்கள். அவற்றில் காண்பது அகன்ற மணல்வெளி. கடலுக்குள் நீண்டு செல்லும் பாலம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, படகுகளே சரக்கைக் கரை சேர்த்த காலம் அது. அப்பழைய பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது.

மணலைக் கொண்டுசென்றது புயலன்று. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் அமைந்தது; கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலை அரித்துச் செல்வதை அவ்வாறு வரும் மணலே ஈடுசெய்யும். சுவர்கள் அவ்வரவைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கரை தேய்ந்தது. எஞ்சியதைக் காக்கக் கற்கள் குவிக்கப்பட்டன. அரிப்போ மேலும் வடக்கே நகர்ந்து மீனவக் குப்பங்களைத் தொட்டது. படகை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்தவும் மணல் வேண்டுமன்றோ!

அலை குவித்த மணல்மேட்டைச் சங்கப் புலவர் 'எக்கர்' என்றனர். நெய்தற் பாடல்களில் அடும்பு படர்வதும் அலவன் ஓடுவதும் அத்தகைய மணலில்தான். வகுப்பறையில் இச்சொல்லுக்கு நாம் பொருள் கூறலாம். ஆனால் 1990-களுக்குப் பின் இந்நகரில் வளர்ந்த மாணவர்களுக்குக் கற்குவியலைக் காட்டி எக்கரை எவ்வாறு விளக்குவது?

தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அதன்பின் கரையின் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. இழந்தது முழுவதும் மீளவில்லை எனினும், காரணம் அறிந்தால் பரிகாரமும் உண்டு என்பதற்கு அது சான்று.

கரை எதுவரை இருந்தது என்பதற்கு அழகிய படங்களைவிட எளிய படங்களே நல்ல சாட்சிகள். மணலில் வரிசையாக அமர்ந்து குடும்பத்தினர் எடுத்துக்கொண்ட படங்கள் புதுவை இல்லங்களில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றின் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். முகங்களுக்குப் பின்னே தெரியும் மணலும் நம் வரலாறே.