இளம் வீரர்களைக் கொடுத்து ஏஸ் பிட்ச்சரை வாங்கலாமா? 1987 டெட்ராய்ட் பரிமாற்றம்

பேஸ்பாலில் பந்தை எறிபவரைப் பிட்ச்சர் என்பார்கள். ஒரு அணியின் பிட்ச்சர்களில் மிகச் சிறந்தவருக்கு ஏஸ் என்று பெயர். அமெரிக்காவின் மேஜர் லீக் அணிகளிடையே ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஒரு கேள்வி எழும். கோப்பையை நெருங்கிவிட்டோம், ஒரு நல்ல பிட்ச்சர் மட்டும் குறைகிறார். அவரைப் பெற நம்மிடம் வளர்ந்துவரும் இளம் வீரர்களைக் கொடுத்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு எடுத்துக்காட்டாக அதிகம் பேசப்படுவது 1987-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி செய்த பரிமாற்றம். பலர் அதை ஒரு மாபெரும் முட்டாள்தனம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது முட்டாள்தனம் அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு நல்ல பந்துவீச்சாளர் எல்லாப் போட்டிகளிலும் ஆடலாம். பேஸ்பாலில் அது முடியாது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்ச்சர் நூறு பந்துகள் வரை முழு வேகத்தில் எறிவார். பிறகு தோள்பட்டைக்கு நான்கு நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஐந்து பேர் முறை வைத்து எறிகிறார்கள். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒரு ஏஸ் தொடங்கும் ஆட்டங்கள் ஏறத்தாழ 33 மட்டுமே. ஆனால் பருவம் முடிந்து பிளேஆஃப் வந்துவிட்டால் கணக்கு மாறும். ஏழு ஆட்டத் தொடரில் அவர் இரண்டு, சில சமயம் மூன்று ஆட்டங்களை எறிந்துவிட முடியும். ஏஸ் பிட்ச்சரின் விலை கோடையில் ஏறுவது இதனால்தான்.

விலை என்றதும் பணம் என்று நினைக்க வேண்டாம். இங்கே வீரருக்கு வீரர்தான் விலை. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் படிப்படியாக உண்டு. பள்ளியும் கல்லூரியும் முடித்த இளைஞர்கள் அங்கே சிறிய ஊர்களில், குறைந்த சம்பளத்தில், சில ஆண்டுகள் ஆடிப் பழகுகிறார்கள். அவர்களில் நாளை பெரிய ஆட்டக்காரர் ஆகக்கூடும் என்று கருதப்படுபவரைத்தான் எதிரணி கேட்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இன்றைய ஏஸால் பயனில்லை. நாளைய இளைஞன் வேண்டும். வெல்லும் அணிக்கு இதற்கு நேர்மாறு. மாற்றிக்கொள்ளப்படும் இளைஞனை யாரும் சம்மதம் கேட்பதில்லை.

1987-ஆம் ஆண்டுக் கோடை

டெட்ராய்ட் அணி அந்தப் பருவத்தை மிக மோசமாகத் தொடங்கியது. முதல் 30 ஆட்டங்களில் 11 வெற்றி, 19 தோல்வி. பிறகு மெல்ல எழுந்து ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் டொராண்டோ புளூ ஜேஸ் அணியை நெருங்கிவிட்டது. ஸ்பார்க்கி ஆண்டர்சன் மேலாளர். ஆலன் டிராம்மெல் தன் வாழ்நாளின் சிறந்த பருவத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஜாக் மோரிஸ் ஏற்கெனவே இருந்த ஏஸ். 34 ஹோம் ரன் அடித்த டாரல் எவன்ஸுக்கு அப்போது வயது 40. நல்ல அணி, ஆனால் வயதாகிவிட்ட அணி.

ஆகஸ்டு 12 அன்று டெட்ராய்ட், அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்ச்சரை வாங்கியது. அட்லாண்டாவில் அந்த ஆண்டு அவர் 5 வெற்றி, 10 தோல்வி என்ற நிலையில் இருந்தார். பெயர்பெற்ற ஏஸ் என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். பதிலுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது இளைஞரை.

அடுத்து நடந்ததை எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்குவார். அலெக்சாண்டர் 11 ஆட்டங்களைத் தொடங்கினார். பதினொன்றிலும் டெட்ராய்ட் வென்றது. அவர் கணக்கில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் மிக நன்று. அலெக்சாண்டருடையது 1.53.

செப்டம்பர் 26 அன்று ஒரு வாரமே பாக்கி. டொராண்டோ மூன்றரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அன்றுவரை டெட்ராய்ட்டைத் தன் மண்ணில் தொடர்ந்து மூன்று நாள் தோற்கடித்திருந்தது. நான்காம் நாள் எறிய வந்தவர் அலெக்சாண்டர். பத்து இன்னிங்ஸைத் தாண்டியும் களத்தில் நின்றார். 13-ஆவது இன்னிங்ஸில் டெட்ராய்ட் 3-2 என்று வென்றது. அதிலிருந்து டொராண்டோ ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. கடைசி ஏழையும் தோற்றது. அவற்றில் கடைசி மூன்றும் டெட்ராய்ட்டில் நடந்தவை. வெள்ளிக்கிழமை அலெக்சாண்டர் எறிந்து 4-3. சனிக்கிழமை 12 இன்னிங்ஸ் நீண்டு 3-2. ஞாயிறன்று, அக்டோபர் 4-ஆம் தேதி, ஃபிராங்க் டனானா எறிந்து 1-0. மூன்றுமே ஒரு ரன் வித்தியாசம். டெட்ராய்ட் 98 வெற்றி, டொராண்டோ 96.

இரண்டே ஆட்டம்தான் இடைவெளி. அலெக்சாண்டர் இடத்தில் ஒரு சாதாரணப் பிட்ச்சர் அந்தப் பதினொன்றையும் எறிந்திருந்தால் ஆறு வெற்றி வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிரிவுப் பட்டம் டொராண்டோவுக்குப் போயிருக்கும். வாங்கிய பொருள் வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஆனால் பிளேஆஃபில் அதே கை கைவிட்டது. 85 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த மினசோட்டா ட்வின்ஸ் அணி, டெட்ராய்ட்டை 4-1 என்ற கணக்கில் வெளியேற்றியது. முதல் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் தோற்ற பிட்ச்சர் அலெக்சாண்டர்தான். ஒன்பது இன்னிங்ஸில் பத்து ரன் கொடுத்தார். அடுத்த ஆண்டு 14 வெற்றி, 11 தோல்வி. அந்த ஆண்டு டெட்ராய்ட் பாஸ்டனைவிட ஒரே ஓர் ஆட்டம் குறைவாக வென்று பட்டத்தை இழந்தது. 1989-இல் 6 வெற்றி, 18 தோல்வி. அத்தோடு ஓய்வு பெற்றார்.

கொடுத்துவிடப்பட்ட இளைஞர்

ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து லான்சிங் நகரில் வளர்ந்தவர். டெட்ராய்ட் அவருடைய சொந்த அணி, சிறுவயதுக் கனவு. ஜாக் மோரிஸ் அவர் போற்றிய வீரர். 1985-இல் வீரர் தேர்வின் 22-ஆவது சுற்றில் டெட்ராய்ட் அவரை எடுத்தது. அதாவது நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அவருக்கு முன்னால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 1987-இல் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரின் மைனர் லீக் அணியில் அவருடைய கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி, சராசரி 5.68.

இந்த மதிப்பெண் பட்டியலை எந்த ஆசிரியரிடம் காட்டினாலும் தேர்ச்சி சந்தேகம் என்றுதான் சொல்வார். அதில் எழுதப்படாத செய்தி ஒன்று உண்டு. இருபது வயதில் அவர் எதிர்கொண்ட மட்டையாளர்களில் பலர் அவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள். எட்டாம் வகுப்புப் பையனைப் பத்தாம் வகுப்புத் தேர்வில் உட்காரவைத்து மதிப்பெண் குறைவு என்று சொல்வது போன்றது அது. எண்ணைப் பார்த்தவர்களுக்கு ஒரு சுமாரான பிட்ச்சர் தெரிந்தார். அவருடைய கையைப் பார்த்த அட்லாண்டாவுக்கு வேறொருவர் தெரிந்தார்.

அதற்குப் பின்னும் அவர் உடனே மலர்ந்துவிடவில்லை என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1988-இல் மேஜர் லீக் வந்தபோது 2 வெற்றி, 7 தோல்வி. 1991 பருவத்தின் முதல் பாதியில் 2 வெற்றி, 11 தோல்வி! ஆனாலும் அட்லாண்டா அவரை நீக்கவில்லை. ஒரு விளையாட்டு உளவியலாளரின் துணையும் கிடைத்தது. இரண்டாம் பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. அதன்பின் 1995-இல் வேர்ல்டு சீரிஸ் கோப்பை. 1996-இல் 24 வெற்றிகளுடன் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்ச்சராக மாறி, 2002-இல் மட்டும் 55 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். 213 வெற்றி, 154 காப்பாற்றிய ஆட்டங்கள். இருநூறும் நூற்றைம்பதும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே பிட்ச்சர் அவர். 2015-இல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

1991 அக்டோபர் 27 அன்று வேர்ல்டு சீரிஸின் ஏழாவது, இறுதி ஆட்டம். அட்லாண்டாவுக்கு ஸ்மோல்ட்ஸ், டெட்ராய்ட்டை விட்டு மினசோட்டாவுக்கு வந்திருந்த ஜாக் மோரிஸ் எதிரணியில். ஸ்மோல்ட்ஸ் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மோரிஸ் பத்து இன்னிங்ஸும் தானே எறிந்து 1-0 என்று வென்றார். லான்சிங் பையனும் அவன் போற்றிய வீரரும் மோதிய அந்த இரவை டெட்ராய்ட் ரசிகர்கள் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது.

யாருக்கு எவ்வளவு நேரம் இருந்தது?

பின்னால் வந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு முன்னால் எடுத்த முடிவைத் திருத்துவது எளிது. 1987-இல் இரண்டு அணிகளிடமும் இருந்த காலத்தின் அளவே வேறு. எவன்ஸுக்கு அடுத்த ஆண்டு 41. டெட்ராய்ட்டுக்கு அந்த அக்டோபர் மட்டும்தான் உறுதி. அட்லாண்டாவோ 1988-இல் 106 ஆட்டங்கள் தோற்ற அணி. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இளைஞர் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டாலும் யாருக்கும் நட்டமில்லை. அதே 1988-இல் ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்துக்குப் போராடிய டெட்ராய்ட்டில் 2 வெற்றி, 7 தோல்வி என்று இருந்தால் ஸ்மோல்ட்ஸைத் திரும்ப மைனர் லீக்குக்கு அனுப்பியிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன். விதை நல்லதாக இருந்தால் போதாது. எந்த வயலில் விழுகிறது என்பதும் உண்டு.

டெட்ராய்ட்டின் வீழ்ச்சிக்கு இந்தப் பரிமாற்றத்தைக் காரணம் காட்டுவதும் கணக்குக்கு ஒத்துவராது. 1989-இல் அது 59 வென்று 103 தோற்றது. மிகச் சிறந்த பிட்ச்சரும் ஒரு பருவத்தில் இருபது சொச்சம் ஆட்டங்களைத்தான் வெல்ல முடியும். ஸ்மோல்ட்ஸ் ஒருவர் இருந்திருந்தால் 103 என்பது 95 ஆகியிருக்கலாம், அவ்வளவே. வயதானவர்கள் ஒவ்வொருவராக விலகியபோது அந்த இடங்களை நிரப்பக் கீழே போதிய இளைஞர்கள் இல்லை. பழுது அங்கே இருந்தது. டெட்ராய்ட் அடுத்த முறை பிளேஆஃபுக்கு வந்தது 2006-இல்.

வேறு சில அணிகளின் அனுபவம்

1998 ஜூலை 31 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, சியாட்டிலிடமிருந்து ராண்டி ஜான்சனை வாங்கியது. ஆறடி பத்து அங்குல உயரம். அந்தத் தலைமுறையின் அச்சமூட்டும் பிட்ச்சர். ஹூஸ்டனில் 10 வெற்றி, 1 தோல்வி, சராசரி 1.28. அணி 102 ஆட்டங்கள் வென்றது. ஆனால் பிளேஆஃப் முதல் தொடரிலேயே சான் டியேகோவிடம் வீழ்ந்தது. ஜான்சன் நன்றாகத்தான் எறிந்தார். அவருக்கு ரன் எடுத்துக் கொடுப்பார் இல்லை. பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்து அரிசோனாவுக்குப் போய்விட்டார். கொடுத்த மூவரில் பிரெடி கார்சியா, 2001-இல் சியாட்டில் 116 ஆட்டங்கள் வென்றபோது 18 வெற்றிகள் பெற்றார்.

2008-இல் மில்வாக்கி புரூவர்ஸ், கிளீவ்லாந்திடமிருந்து சி.சி. சபாதியாவை வாங்கி 26 ஆண்டுகளுக்குப் பிறகு பிளேஆஃபைக் கண்டது. அவர் 11 வென்று 2 மட்டும் தோற்றார். கொடுத்ததில் மிகப் பெரியவராகக் கருதப்பட்ட மட்டையாளர் மேட் லபோர்ட்டா சோபிக்கவில்லை. பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் விடப்பட்டிருந்த நான்காமவர் மைக்கேல் பிராண்ட்லி பல ஆண்டுகள் சிறந்து விளங்கினார். விற்றவரும் வாங்கியவரும் எவரை மாணிக்கம் என்று நினைத்தார்களோ, மாணிக்கம் அவர் அல்ல.

டெட்ராய்ட் விற்கும் பக்கம் நின்றபோது

முப்பது ஆண்டுகள் கழித்துக் காட்சி தலைகீழானது. 2017-இல் டெட்ராய்ட் தோற்றுக்கொண்டிருந்தது. அதன் ஏஸ் ஜஸ்டின் வெர்லாண்டருக்கு வயது 34. பத்து ஆண்டு மேஜர் லீக்கிலும் அவற்றில் கடைசி ஐந்து ஒரே அணியிலும் ஆடியவர் தன் பரிமாற்றத்தை மறுக்கலாம் என்பது விதி. அவர் மறுக்கவில்லை. ஆகஸ்டு 31 இரவு, கெடு முடியும் தறுவாயில், மூன்று இளைஞர்களுக்கு ஈடாக ஹூஸ்டன் அவரைப் பெற்றது. எஞ்சிய பருவத்தில் 5 வெற்றி, தோல்வி இல்லை, சராசரி 1.06. நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் சிறந்த வீரர் அவரே. ஹூஸ்டன் அந்த ஆண்டு முதன்முறையாக வேர்ல்டு சீரிஸ் வென்றது. எதிரணியின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியதாக அந்த வெற்றியின் மேல் பின்னர் கறை படிந்தது. அந்தத் திருட்டு மட்டை பிடித்தவர்களுக்கு உதவியதே தவிர, பந்தெறிந்த வெர்லாண்டருக்கு அல்ல.

டெட்ராய்ட் பெற்ற மூவரில் பிராங்க்ளின் பெரேஸ் என்ற பிட்ச்சரே முதன்மையானவராகப் பேசப்பட்டார். தொடர் காயங்கள் அவரை முடக்கின. அணி 2019-இல் 114 ஆட்டங்கள் தோற்றது. மூவரில் நிலைத்தவர் ஜேக் ராஜர்ஸ் என்ற கேட்ச்சர். 2024 அக்டோபரில் டெட்ராய்ட், ஹூஸ்டன் மைதானத்திலேயே ஹூஸ்டனை இரண்டு ஆட்டங்களில் வீழ்த்தி வெளியேற்றியது. டாரிக் ஸ்கூபல் எறிந்த முதல் ஆட்டத்தில் பந்தை வாங்கியவர் ராஜர்ஸ். 41 வயதாகிவிட்ட வெர்லாண்டருக்கு ஹூஸ்டனின் அந்தத் தொடருக்கான வீரர் பட்டியலில் இடமில்லை.