கை கொடுத்து மேடைக்குக் கூட்டிட்டு வந்தவங்க

ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'காந்தி' படம் ஞாபகம் இருக்கா? 1982-ல் வந்தது. அதில் வைஸ்ராய் இர்வின் பிரபுவாக ஒரு பெரியவர் வருவார். கணீர்னு ஒரு குரல், அலட்டிக்காத ஒரு தோரணை. அவர் பேர் ஜான் கீல்குட். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நடிகர்களில் ஒருத்தர்.

படத்தில் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த அதே மனுஷன், அதுக்கு 29 வருஷம் முன்னாடி ஒரு லண்டன் கோர்ட்டில் குற்றவாளியா நின்னார். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1953 அக்டோபர். கீல்குட்டுக்கு வயசு 49. நாலு மாசம் முன்னாடிதான் 'சர்' பட்டம் கிடைச்சிருக்கு. 'எ டே பை தி சீ' என்ற நாடகத்தை அவரே இயக்கி, அவரே நடிக்கப் போறார். ஒத்திகை நடந்துட்டிருக்கு. ஒருநாள் ராத்திரி லண்டன் செல்சீ பகுதியில், ஒரு பொதுக் கழிப்பறையில், மஃப்டியில் இருந்த போலீஸ் அவரைப் பிடிச்சுடுச்சு. ஆண்களைத் தவறான நோக்கத்தோட அணுகினார்னு குற்றச்சாட்டு. அப்போ இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு வெச்சுக்கிறதே குற்றம்.

கோர்ட்டில் தன் முழுப் பேரின் முதல் பாதியைச் சொன்னார்: ஆர்தர் கீல்குட். வேலை? கிளார்க். யாருக்கும் தெரியாம முடிஞ்சுடும்னு ஒரு நப்பாசை. மாஜிஸ்ட்ரேட் 10 பவுண்டு அபராதம் போட்டு, இங்கிருந்து போனதும் நேரா டாக்டரைப் பாருன்னு சொல்லி அனுப்பினார். அந்த 'டாக்டர்' விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம். அன்னைக்கே பேப்பரில் செய்தி வந்துடுச்சு. சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் ஜான் கார்டன் என்பவர் அவரைக் கிழிச்சு எழுதினார்.

இப்போ தயாரிப்பாளர் இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. நாடகம் லிவர்பூலில் தொடங்க இன்னும் சில நாள்தான். டிக்கெட் வாங்கினவங்க கூச்சல் போடுவாங்களா, முட்டை எறிவாங்களா, தெரியாது. ஆளை மாத்துறது ரொம்ப சுலபம்.

ஹாலிவுட்டில் நடந்தது

அந்தச் சுலபமான வழி எப்படி இருக்கும்னு அதுக்கு 20 வருஷம் முன்னாடியே ஹாலிவுட் காட்டிடுச்சு. வில்லியம் ஹெய்ன்ஸ்னு ஒரு ஸ்டார். 1930-ல் அமெரிக்க பாக்ஸ் ஆபீஸில் முன்வரிசையில் இருந்தவர். ஜிம்மி ஷீல்ட்ஸ் என்பவரோட சேர்ந்து வாழ்ந்தார், அதை மறைக்கவும் இல்லை. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் முதலாளி லூயி பி. மேயர், ஜிம்மியை விட்டுட்டு ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கோ, இல்லன்னா வேலை கிடையாதுன்னார். ஹெய்ன்ஸ் ஜிம்மியைத்தான் தேர்ந்தெடுத்தார். நடிப்பு வாழ்க்கை முடிஞ்சது. அப்புறம் வீட்டு உள் அலங்காரத் தொழிலில் பெரிய பேர் வாங்கினார். 1973-ல் சாகும்வரை ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க.

கவனிங்க, அவரைத் துரத்தினது ரசிகர்கள் இல்லை. ரசிகர்கள் என்ன சொல்வாங்களோன்னு பயந்த ஒரு முதலாளி.

லிவர்பூல் மேடை

லண்டனில் தயாரிப்பாளர் பிங்கி போமான்ட் வேற முடிவு எடுத்தார். ஆளை மாத்தல, நாடகத்தையும் தள்ளிப் போடல. கூட நடிச்சவங்களும் விட்டுக் கொடுக்கல.

முதல் நாள் காட்சி. கீல்குட் மேடைக்குள்ள நுழைய வேண்டிய நேரம். பக்கத் திரைக்குப் பின்னால அப்படியே உறைஞ்சு நின்னுட்டார். கால் நகரல. கூட நடிச்ச சிபில் தார்ன்டைக், எழுபது வயசைத் தாண்டின அம்மா, நாடக உலகமே மதிச்ச நடிகை. அவங்க போய் அவர் கையைப் பிடிச்சு, என்னைப் பார்த்து யாரும் கூச்சல் போட மாட்டாங்க, வான்னு சொல்லி மேடைக்கே கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்வாங்க.

அரங்கம் எழுந்து நின்னு கைதட்டுச்சு.

ஆனா ஒரு கைதட்டலில் எல்லாம் சரியாகிடல. சில மாசத்தில் அவருக்கு நரம்புத் தளர்ச்சி வந்து ஓய்வு எடுக்க வேண்டியதாச்சு. அந்தக் கைதைப் பத்தி அவர் பொதுவில் பேசினதே இல்லைன்னு சொல்லலாம். ஆனா வேலை நிற்கல. 'ஆர்தர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். 1994-ல் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இருக்கிற குளோப் தியேட்டருக்கு அவர் பேரையே வெச்சாங்க. 2000-ல், 96 வயசில் காலமானார்.

நம்ம பக்கம்

இங்கிலாந்து 1967-ல் அந்தச் சட்டத்தைத் தளர்த்துச்சு. அவங்க 1860-ல் நமக்கு எழுதிக் கொடுத்த 377-வது பிரிவு தன்பாலீர்ப்பாளர்கள் மேல பாயறது நம்மகிட்ட 2018 செப்டம்பர் 6-லதான் நின்னுச்சு. அந்த 'டாக்டரைப் பாரு' கதைக்கு நம்ம ஊரே பதில் சொல்லுச்சு. 2021 ஜூன் 7-ம் தேதி மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துறேன்'னு யாரும் கிளம்பக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடி, இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லைன்னு ஒத்துக்கிட்டு, ஒரு மனநல நிபுணர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டார்.

ஆனா வேலையிடம்? 2019 சட்டம் திருநர்களுக்கு வேலையில் பாகுபாடு கூடாதுன்னு சொல்லுது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

தரமணியையே எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் கேமரா சொல்லித் தர்ற திரைப்படக் கல்லூரி, இன்னொரு பக்கம் ஐடி கம்பெனிகள். இந்த ஊர் பேரிலேயே ராம் 2017-ல் எடுத்த படத்தில், நாயகியின் கணவர் ஒரு தன்பாலீர்ப்பாளர். உண்மை வெளியே தெரியக் கூடாதுன்னு ஒரு கல்யாணத்துக்குள்ள ஒளிஞ்சவர். கதையில் சொல்லிட்டோம். ஆனா 'நான் அப்படித்தான்'னு சொன்ன முன்னணி ஹீரோ தமிழ் சினிமாவில் இன்னும் ஒருத்தரும் இல்லை.

அவங்க ஏன் சொல்லலன்னு கேட்கிறதை விட, சொன்னா பக்கத்தில் யார் நிப்பாங்கன்னு கேட்கிறதுதான் நியாயம். லிவர்பூலில் அன்னைக்கு சட்டம் கீல்குட் பக்கம் இல்லை, பேப்பரும் இல்லை. வேலையை விட்டுத் தூக்காத ஒரு முதலாளியும், கையைப் பிடிச்ச ஒரு சக நடிகையும் இருந்தாங்க. அப்புறம்தான் கைதட்டல் வந்துச்சு.

நாளைக்கு லஞ்ச் டேபிளில் யாரோ ஒருத்தரோட நடையைப் பார்த்து ஒரு ஜோக் வரும். எல்லாரும் சிரிப்பாங்க. அப்போ நீங்க சிரிக்காம இருந்தாலே, அந்த டேபிளில் இருக்கிற யாரோ ஒருத்தர் அதைக் கவனிப்பார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.