பார்க்கின்சன் நோயாளரின் நடை: ஆய்வு வரலாறு

இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல் வெளியிட்ட சிறுநூலில் ஆறு நோயாளர்களை விவரித்தார். அவர்களுள் சிலரைத் தெருவில்தான் கண்டார். இந்நோய் நடையிலேயே தெரியக்கூடியது. உடல் முன்சாய்வதையும், விழாதிருக்க முயன்று நடை ஓட்டமாக மாறுவதையும் குறித்தார். ஆயினும் 'நடுங்கும் வாதம்' என்றழைத்து, தசை வலு குன்றுவதாகவே எழுதினார்.

பாரிசில் சார்க்கோ இதை மறுத்தார். வலு நெடுநாள் நீடிக்கிறது, அசைவுதான் மந்தமாகிறது என்றார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டியவரும் அவரே.

1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யாஹ்ர் வகுத்த ஐந்து படிநிலைகளில், சமநிலை குன்றுவதே மூன்றாம் நிலையின் அடையாளம். பிற்கால அளவீடுகளில் பலருக்குக் கால் தசைகளின் ஆற்றலும் குறைந்திருந்தது. ஆகவே பார்க்கின்சன் கூற்று முற்றிலும் பிழையன்று. எனினும், அடியெடுக்க முடியாமல் உறைந்து நிற்கும் சிலர், தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகின்றனர்.