மாறியதை மட்டும் எடுக்கும் வித்தை பிறந்த கதை

குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளிலிருந்து இறங்கும் சரக்கின் கணக்கெல்லாம் இன்று போடி கடைகளின் கணினிகளில் இருக்கிறது. போடியில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில்தான் நடக்கிறது. கணினி படுத்துவிட்டால் ஒரு பருவத்துக் கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி இல்லை. அதனால்தான் கடை பூட்டுமுன் பேக்கப் போடுகிறார்கள். பல்லாயிரம் கோப்புகளில் இன்று மாறியவை எவை என்பதை அந்த மென்பொருள் எதையும் திறந்து பார்க்காமலே சொல்லிவிடுகிறது.

இந்த வித்தையின் வேர்களில் ஒன்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ், ஒவ்வொரு கோப்போடும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் குறித்து வைத்தது. அந்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் நொடிகள்.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘டம்ப்’ என்ற நிரல் இருந்தது. நிலை 0 என்றால் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றும். 1 முதல் 9 வரை என்றால், அதற்குக் கீழ்நிலையில் கடைசியாக எடுத்த நகலுக்குப் பின் மாறியவை மட்டும். நகல் எடுத்த தேதியை ஒரு தனிக் கோப்பில் குறித்துக்கொள்ளும். குறிப்பது வேலை முடிந்த நேரத்தை அல்ல, தொடங்கிய நேரத்தை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆறு மணிக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்கு முடிகிறது என்று வையுங்கள். ஆறு பத்துக்கு ஒரு பில்லைத் திருத்துகிறார்கள். அதன் நகல் அதற்கு முன்பே ஏறிவிட்டது. ஆறே முக்கால் என்று குறித்திருந்தால் நாளைக்கு அந்தத் திருத்தம் பழையதாகத் தெரிந்து விட்டுப்போகும். ஆறு என்று குறித்ததால் மாட்டிக்கொள்ளும். சில கோப்புகள் இரண்டு முறை ஏறலாம், எதுவும் தொலையாது.

ஆனால் எல்லாம் கடிகாரத்தை நம்பியே நடக்கிறது. பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அன்று போட்ட பில்லும் பழைய தேதியில் பதிவாகும், ‘புதியதா?’ என்று மட்டும் கேட்கும் நிரல் அதைத் தாண்டிப் போய்விடும்.

1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் நிரல் கேள்வியையே மாற்றிக் கேட்டது: மூலக் கோப்பிலும் நகலிலும் நேரமும் அளவும் ஒன்றா? நேரம் முன்னோ பின்னோ, வேறாக இருந்தால் போதும், எடுத்துவிடும். இரண்டும் தற்செயலாக ஒத்துப்போனால் அதுவும் ஏமாறும். அதற்கென்றே உள்ளடக்கத்தை முழுக்கப் படித்து ஒப்பிடும் ‘செக்சம்’ வசதியும் அதில் உண்டு. நேரம் பிடிக்கும்தான், மார்ச் 31 கணக்கு முடிக்கும் அன்றாவது அதைப் போட்டுவிடுங்கள்.